சூலத்துக்கு ஒரு கரண்டித் தயிர்

நார்வே நாட்டில் மிதிவண்டி ஏறி, மலைகளையும் பாலைகளையும் கடந்து வந்த மாரிட் என்னும் பெண்ணைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் வழியில் எந்தச் சிகரத்துக்கும் இருக்கவில்லை. பரளச்சிச் சாலையோரத்துச் சீமைக்கருவேல முள்ளுக்கு இருந்தது. இரண்டு சக்கரமும் காற்றிழந்து வெயிலில் நின்றவளைப் பாண்டீஸ்வரன் கண்டார். தம் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அதன்பிறகு அவர் செய்த உபசாரத்தில் குறை காண்பவன் மனிதனே அல்லன். தம் கட்டிலைக் கொடுத்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தாம் வாசலில் படுத்துக் கொசுவுக்கு விருந்தானார். அருப்புக்கோட்டைக்குத் தாமே போய்ப் புது டியூப் தேடி வாங்கி வந்தார். மாரிட் என்ற பெயர் ஊர் வாயில் மாரியாயிற்று. "மாரியே சைக்கிள்ல வந்துட்டா, இனி மழைக்கு என்ன பஞ்சம்?" என்று மானாவாரிக்காரர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வானம் அந்த அளவுக்கு மூடநம்பிக்கை கொண்டதல்ல. பேசாமல் வெளுத்துக் கிடந்தது.

விருந்தாளிக்கும் வீட்டாருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் காளீஸ்வரி. பாண்டீஸ்வரனின் மகள், செவிலியர் படிப்பை முடித்தவள். இராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சேர வேண்டிய முதல் நாள் சந்திராஷ்டமம் என்று தள்ளிப்போயிற்று. கெஞ்சி வாங்கிய அடுத்த நாள் கரிநாளாகப் போயிற்று. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மாலை, பையைக் கட்டி முடித்தவளைக் கூப்பிட்டு, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் முன் நின்று பாண்டீஸ்வரன் தீர்ப்பு வழங்கினார்.

"நாளைக்குக் கிழக்கே சூலம். ராம்நாடு கெழக்க இருக்கு. எப்படித்தா அனுப்புவேன்? போ, பைய அவுத்து வையி."

சூலத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. கிழமைக்கு ஒரு திசையில் நின்று வழிப்போக்கரைக் குத்துமாம். அந்தத் திசையில் பஸ் பஸ்ஸாகப் போகிற கூட்டத்தையெல்லாம் மரியாதையோடு வழிவிட்டு அனுப்பிவிட்டு, காளீஸ்வரி ஒருத்திக்காக மட்டும் வெயிலில் காத்து நிற்குமாம். திருச்சுழியிலிருந்து ஒரு வரன் வந்துகொண்டிருப்பதும், வேலைக்குப் போகிற மருமகள் அந்த வீட்டாருக்குப் பிடிக்காது என்பதும் அந்தச் சூலத்துக்கு எப்படித் தெரிந்தனவோ, அதுதான் வியப்பு!

காளீஸ்வரி பையை அவிழ்க்கவில்லை. தூக்கவும் துணிவில்லை. கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள்.

திங்கள் காலை மாரிட் வண்டியில் மூட்டைகளை ஏற்றிக் கட்டினாள். வழியனுப்பத் தெருவே திரண்டுவிட்டது. காளீஸ்வரியின் தாய் தங்கலட்சுமி முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். பாண்டீஸ்வரன் பொன்னாடையோடு நின்றார். பக்கத்து வீட்டுப் பால்பாண்டி செல்போனில் படம் பிடித்துக்கொண்டே கேட்டான்.

"ஏண்ணே, புள்ள எந்தப் பக்கம் போகுது?"

"கமுதி வழியா ராமேசுரம்."

"ஆத்தாடி, கெழக்கயா! இன்னைக்குச் சூலம்ல? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம ஊருப் பேருல்ல டிவியில வரும்?"

பாண்டீஸ்வரனுக்கு முகம் வெளிறியது. "காளி, சொல்லுத்தா அந்தப் புள்ளகிட்ட. கெழக்க சூலம் நிக்குதுன்னு சொல்லு."

காளீஸ்வரி சொன்னாள். மாரிட் நெற்றியைச் சுருக்கினாள், கைப்பேசியில் வரைபடத்தை விரித்தாள், எதையோ கேட்டாள்.

"என்னத்தா கேக்குறாக?"

"சூலம் எந்த எடத்துல நிக்குதுன்னு கேக்குறாகப்பா. மேப்புல தெரியலையாம். சுத்திப் போக ரோடு இருக்கான்னும் கேக்குறாக."

பால்பாண்டிக்குச் சிரிப்பில் செல்போன் குலுங்கியது. "சிரிக்காதலே!" என்று அதட்டிய பாண்டீஸ்வரன், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். இராமேசுவரத்தில் தோழி காத்திருக்கிறாள், இன்றே போயாக வேண்டும் என்று மாரிட் நெஞ்சில் கைவைத்து மறுத்தாள். விருந்தாளியைக் கட்டிப்போட முடியுமா? அவர் வீட்டுக்குள் ஓடினார். காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெற்றி வீரராய் வெளியே வந்தார்.

"இந்தா இருக்குல்ல! 'கிழக்கே சூலம், பரிகாரம் தயிர்.' தங்கலட்சுமி, தயிரு கொண்டா! சொல்லுத்தா காளி, ஒரு வாய் தயிரு சாப்புட்டா எந்தச் சூலமும் ஒண்ணும் செய்யாதுன்னு."

காளீஸ்வரி வாயைத் திறந்தாள். ஆங்கிலம் வரவில்லை.

காலண்டர் வாசிப்பது அந்த வீட்டில் ஆண்பிள்ளை வேலை. அவள் பிறந்த நாள்தொட்டு அப்பா வாசித்தார், வீடு கேட்டது. சூலம் என்ற சொல்லோடு அவர் குரல் நின்றுவிடும். வீடும் அங்கேயே நின்றுவிடும். நோயாளியின் காய்ச்சலையும் நாடியையும் வரிவரியாகப் படிக்கக் கற்ற அவள், தன் தலைவிதி என்று சொல்லப்பட்ட தாளில் அடுத்த சொல்லை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. தடையும் தீர்வும் ஒரே வரியில், தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடந்திருக்கின்றன. மகளுக்குப் பாதி வரி. விருந்தாளிக்கு முழு வரி!

"சொல்லுத்தா, ஏன் முழிக்கிற?"

சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். மாரிட் தயிரை வாங்கி ருசித்துச் சாப்பிட்டாள். ஊர் கைதட்டியது. பொன்னாடையைப் போர்த்தியபோது பாண்டீஸ்வரனின் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. தங்கலட்சுமியின் கைகளைப் பற்றி, காளீஸ்வரியை இறுகத் தழுவி, "போயிட்டு வாரேன்" என்று அவள் கற்றுக்கொடுத்ததைப் பிழையில்லாமல் சொல்லிவிட்டு மாரிட் கிழக்கே மிதித்தாள்.

கூட்டம் கலையுமுன் காளீஸ்வரி உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

"எங்கத்தா?"

"கெழக்க."

"காளி! நேத்தே சொன்னேன்ல?"

அவள் தாயின் முன் உள்ளங்கையை நீட்டினாள். "மாரிக்கு வேல செஞ்ச தயிரு எனக்கு மட்டும் புளிச்சுருமாப்பா?"

தங்கலட்சுமி கணவரை ஒரு முறை பார்த்தாள். கிண்ணத்தை ஒரு முறை பார்த்தாள். கரண்டியால் அள்ளி ஊற்றினாள். மறுபடியும் அள்ளினாள்.

"ரெண்டாவது எதுக்கு மதினி?" என்றான் பால்பாண்டி.

"மொதக் கரண்டி சூலத்துக்கு. இது திருச்சுழிக்காரவுகளுக்கு."

தயிர் பொய் என்றால், பாண்டீஸ்வரன் சோறு போட்ட விருந்தாளியை அறிந்தே சாவுக்கு அனுப்பியவராகிறார். தயிர் மெய் என்றால், மகளை மறிக்க வழியில்லை. காலண்டர் தாள் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. பால்பாண்டியின் செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கமுதி பஸ் ஒலி எழுப்பியது.

"வாயத் தொடச்சுட்டுப் போத்தா" என்றார் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "தயிரு ஒட்டியிருக்கு."

காளீஸ்வரி துடைக்கவில்லை. சூலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்படியே ஓடிப் பஸ்ஸில் ஏறினாள்.