இறக்கத்தில் அணைத்த இஞ்சின்

காலையில் எழுந்து பால் காய்ச்சினேன். மகள் அனிஷாவை எழுப்பிப் பல் துலக்க வைத்தேன். இரட்டைச் சடை பின்னினேன். இடதுபக்கச் சடை எப்போதும் தளர்ந்துவிடும். தோசை ஊற்றினேன். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள், நான் நின்றபடி சாப்பிட்டேன். பிறகு வாசலுக்கு வந்து ஸ்கூட்டர் டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். எல்லா நாளும் இப்படித்தான்.

தர்மபுரியில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் வேலை. புது வண்டி எடுப்பவர்களிடம் சாவியைக் கொடுக்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிப்பது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வாரம் ஒருமுறை காற்றுப் பாருங்கள். ஆக்சிலேட்டரை வெடுக்கென்று முறுக்காதீர்கள். நாற்பது, ஐம்பதில் சீராகப் போங்கள். பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். சிக்னலில் நின்றால் அணைத்துவிடுங்கள். பி.இ. மெக்கானிக்கல் படித்தது இதற்குத்தான் உதவுகிறது. ஒரு வருடமாக இன்னொன்றையும் நானாகச் சேர்த்துச் சொல்கிறேன்: ஓடுகிற வண்டியை அணைக்காதீர்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அப்படியும் எவனாவது செய்வானா என்பார்கள்.

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. அனிஷாவைப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நல்லம்பள்ளியில் எங்கள் தெரு சரிவானது. மேலே முனையிலிருந்து ஒரு கார் இறங்கி வந்தது. சத்தமே இல்லை, சக்கரத்தின் கீழ் ஜல்லி நெரிபடுவது மட்டும் கேட்டது. முனையிலேயே சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்திருக்கிறார்.

 

ஓட்டி வந்தவர் சவரி. என் மனைவி ஜெயராணியின் அப்பா. அதியமான்கோட்டையில் இருக்கிறார். போன வருடம் இதே மாதம் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு சேலம் போனவர், தொப்பூர் இறக்கத்தில் முன்னால் நின்ற லாரியின் மேல் மோதினார். நொறுங்கியது அவள் பக்கம். பிரேக் பிடிக்கவில்லை என்று போலீசாரிடம் சொன்னார். பொய்யில்லை. இஞ்சினை அணைத்துவிட்டால் காரின் பிரேக் இரண்டு மிதிக்குத் தாங்கும். அதற்குமேல் பாறையை மிதிப்பதுபோல இருக்கும். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

“மாப்ள, வேலைக்குக் கெளம்பலீங்களா?” என்றபடி இறங்கினார். பழைய கார் ஒன்றை வாங்கி மூன்று மாதமாக ஓட்டுகிறார். பானெட்டைத் தட்டினார். “இது லிட்டருக்கு இருவத்திரெண்டு குடுக்குதுங்க. அந்த வண்டி இருவதத் தாண்டல.”

அந்த வண்டி. அதில்தான் அவர் மகள் செத்தாள்.

ஜெயராணியின் அம்மா, அத்தை ராஜமேரி, பையோடு இறங்கினார். “நாளைக்கு ஜெயராணிக்கு வருசப் பூசையில்லீங்களா. பாப்பாவுக்கு வெள்ளக் கவுன் எடுக்கணும். சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு சாயங்காலம் கொண்டாந்து விட்டுர்றோம்.”

அனிஷா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்தார். “என்னங்க சவரியண்ணா, பூனையாட்டம் வந்து நிக்கிறீங்க. காரு வந்ததே தெரியல.”

“எறக்கத்துல எதுக்கும்மா அதுக்குப் பெட்ரோல ஊத்தணும்? தன்னால உருளுது. தொப்பூருல பாருங்க, மேல சாவியத் திருப்புனா கீழ போயித்தான் மறுபடி தொடுவேன்.”

“எங்க வூட்டுக்காரரு வண்டிய மேட்டுலயே தள்ளிக்கிட்டுத்தான் வர்றாரு. அவரு மிச்சம் புடிக்கறத நீங்க புடிக்க முடியாதுங்க.”

இருவரும் சிரித்தார்கள். நான் அவர் கையில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மிச்சமும் பொய். கியரை எடுக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தால், இந்தக் காலத்துக் கார் இறக்கத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் எடுக்காது. சக்கரமே இஞ்சினைச் சுழற்றும். அணைத்து மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததற்காக அவளைக் கொடுத்திருக்கிறார். இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பார்.

அத்தை பையிலிருந்து ஒரு நினைவு அட்டையை எடுத்து நீட்டினார். நாளை கோயிலில் எல்லோருக்கும் கொடுப்பதற்கு அச்சடித்தது. கல்யாணப் படம். அதன் கீழே, ‘ஜெயராணியின் கடைசி வார்த்தை: அப்பா, நீங்க பத்திரமா இருங்க.’

கோவிந்தம்மாள் வாங்கிப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “உசுரு போறப்பவும் அப்பன நெனச்சிருக்குது பாரு.”

அடக்கத்தன்று அது வெறும் ‘அப்பா’வாக இருந்தது. முப்பதாம் நாள் பூசைக்குள் கொஞ்சம் வளர்ந்தது. இப்போது அச்சேறிவிட்டது. மோதிய இடத்திலேயே உயிர் போய்விட்டதாகத்தான் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்கள்.

சவரி அனிஷாவைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். நான் போய்க் கதவைத் திறந்து அவளை இறக்கினேன்.

“பாப்பா வரலீங்க.”

“ஏங்க மாப்ள?”

“கவுன் தர்மபுரியில எடுத்துக்கறேன்.”

“சேலத்துல எடுக்கணும்னு அவ ஆசப்படறா. எம்பேத்திய நான் என்ன கொல்லவா கூட்டிட்டுப் போறேன்?” சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

“உங்க கார்ல அவ ஏற மாட்டா. இன்னைக்கில்ல, என்னைக்குமே.”

அத்தை முன்னால் வந்தார். “ஒரு வருசமா அவரு மூஞ்சியப் பாத்துப் பேசல நீங்க. வேணும்னா செஞ்சாரு? பிரேக்கு புடிக்கல. பெத்த பொண்ணே ஒண்ணும் சொல்லாம, பத்திரமா இருங்கன்னுட்டுப் போயிருக்கா. உங்களுக்கு என்னங்க?”

அட்டையைக் கோவிந்தம்மாளிடமிருந்து வாங்கி அத்தையின் பையிலேயே வைத்தேன். “இது அவ சொன்னதில்லீங்க.”

“நீங்க கூட இருந்தீங்களா?” என்றார் சவரி.

“போன்ல இருந்தேன். டோல்கேட் தாண்டிக் கூப்பிட்டா. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, மாமா.”

அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அத்தை அவரைப் பார்த்தார். “ஏங்க, போன் பேசுனாளா? எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

அவர் காரின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன சொன்னா?” என்று அத்தை என்னிடம் கேட்டார்.

அனிஷாவை உள்ளே போகச் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தினேன். பிறகு ஜெயராணி சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், அத்தையிடம் சொன்னேன்.

“அப்பா எறக்கத்துல வண்டிய ஆஃப் பண்ணிட்டாருங்க, ஏசி நின்னுடுச்சு. கண்ணாடிய எறக்கறேன், காத்து எரைச்சல்ல ஒண்ணும் கேக்காது. வெச்சிடறேன்.”