தினமும் வரும் நாய்

"நாய் குறுக்க வந்துச்சும்மா," என்றார் வேலு.

ஜார்ஜ் டவுன் அலுவலகத் திரையில் அவருடைய லோரி சிறு பச்சைப் புள்ளியாக நகர்ந்தது. லோரியில் இருந்த ஜிபிஎஸ் கருவி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. பத்து காவான் என்ற ஊரில் நேரான சாலை. வேகம் எழுபது. பிறகு, எதுவுமே இல்லாத இடத்தில், சட்டென்று இருபது. அங்கேதான் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த அக்மல் மோதிச் செத்தான்.

காப்புறுதி நிறுவனத்துக்காக விபத்துகளை விசாரிப்பவள் சிந்தியா. நாய் என்று எழுதினால், இடைவெளி விடாமல் வந்தவன் மேல் தப்பு. செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை. காரணமில்லாமல் பிரேக் அடித்தார் என்று எழுதினால் வேலுவின் லைசென்ஸ் போய்விடும். அறுபதை நெருங்கும் ஆளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மூட்டைகள் தூக்கிக் காய்த்துப்போன கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கடியில் சொருகியிருந்தார்.

அவள் விபத்துக்கு முந்தின நாளின் பதிவைத் திறந்தாள். அதே இடம். இருபது. அதற்கு முந்தின நாளும் அப்படியே.

"தினமும் அதே நாயாண்ணே?"

வேலு சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது.

"ரப்பர் தோட்டமா இருந்தப்ப அங்க முனியாண்டி கோயில் இருந்துச்சும்மா. மெதுவாக்கி, ஹோன் அடிச்சுட்டுத்தான் போவணும். இல்லாட்டி வண்டிய பெரட்டிப் போட்டுடுவாரு."

"இப்ப அங்க ஒன்னுமே இல்லையேண்ணே."

"ரோடு போட்டப்ப சாமிய வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. எனக்குத் தெரியும்லா. காலுக்குத் தெரியலையே." குரல் இறங்கியது. "அன்னிக்கும் ஹோன் அடிச்சேன். சாமி இருந்த பக்கம் பாத்தேன். பின்னாடி பாக்கல."

சிந்தியா விசாரணை அறிக்கையைத் திறந்தாள்.

"நாயின்னே எழுதிடும்மா," என்றார்.

காரணம் எழுத வேண்டிய இடத்தை அவள் காலியாக விட்டாள். சாயங்காலம் காரில் கடற்பாலம் தாண்டி பத்து காவானுக்குப் போனாள். இரு புறமும் தொழிற்சாலை வேலி. சீராக வெட்டிய புல். மரம்கூட இல்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். முனியாண்டி அவளுக்கு யாரோ. ஆனாலும் அந்த இடம் வந்ததும் கால் தானாக எழும்பியது. வேகமுள் இறங்கியது.

கண்ணாடியில் ஒற்றை விளக்கு தெரிந்தது. மோட்டார் சைக்கிள். வழி விட்டு ஓரம் ஒதுங்கினாள்.

அது கடந்து போகவில்லை. இடைவெளி விடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.