இழப்பு என்று எழுதிய தண்ணீர்

கால்வாய் முடிகிற கடைமடை வரைக்கும் தண்ணீர் போய்விட்டது என்ற செய்தி வந்த அன்று, அலுவலகத்தில் எல்லோரும் பொறியாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். மண் கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் சிமெண்ட் பூசியது, கால்வாய் தொடங்கும் தலைப்பில் மூச்சிரைத்துக்கொண்டிருந்த கிழட்டுப் பம்புகளைத் தூக்கிவிட்டுப் புதியவை வைத்தது எல்லாம் அவள் வேலைதான். தரிசாய்க் கிடந்த நிலத்துக்காரர்கள் வந்து அவள் கையைப் பிடித்தவர்கள் விடவே இல்லை.

"இனிமே இந்த ஆபீஸ்ல தலைநிமிந்து நடக்க இவங்களுக்கு மட்டும்தான் அனுமதி. நாமெல்லாம் வழக்கம்போல ஃபேனைப் பாத்துட்டு உக்காந்திருப்போம்" என்றார் மேலதிகாரி. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. அண்ணி.

"குட்டி, நம்ம கிணறு பாதாளத்துக்குப் போயிடுச்சுடி. செடியெல்லாம் வாடி நிக்குது. எல்லாம் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர் பண்ற வேலை. புது மோட்டார் போட்டு ஒட்ட உறிஞ்சுறார். நீ ஒரு எட்டு வந்து பேசேன்."

காரணம் பொறியாளருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது, "வரேன் அண்ணி, பாக்கலாம்" என்பது மட்டும்தான்.

அண்ணியின் வீடு கால்வாய்க் கரையை ஒட்டியது. அண்ணன் லாரியோடு ஊர் ஊராய் அலைகிறவன். அண்ணிதான் பின்பக்கத்து நிலத்தில் பூச்செடியும் பழக்கன்றும் வளர்த்து விற்றுக் குடும்பத்தை ஓட்டுகிறாள். அளவெடுக்கும் வேலை நடந்த நாட்களில் பொறியாளர் அந்த வீட்டில்தான் தங்கினாள், அண்ணி கையால்தான் சாப்பிட்டாள். கரையில் கசிகிற தண்ணீர் மண்ணுக்குள் எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டவளும் அவளே. அம்புகள் அண்ணியின் கிணற்றுப் பக்கமாகத்தான் போயின. அந்தத் தண்ணீருக்கு அறிக்கையில் 'இழப்பு' என்று பெயர். எழுதும்போது கை ஒரு கணம் தயங்கியது. பிறகு மழை பெய்தால் கிணறு ஊறிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அவள் போய் இறங்கியபோது வேலியின் இரண்டு பக்கமும் சூடாக இருந்தது. பண்ணைக்காரர் சாதுவான மனுஷர். வருஷக்கணக்காக அண்ணியின் செடிகளுக்கு எரு கொடுத்து வந்தவர். அண்ணிக்கு உடம்புக்கு முடியாதபோது செடி வாங்க வருகிறவர்களுக்கு அவரே எடுத்துக் கொடுத்ததும் உண்டு. அவருடைய பழைய மோட்டார் கரண்டைக் குடித்துவிட்டுக் குழாயெங்கும் ஒழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சிக்கனமான புது மோட்டாரை வாங்கச் சொன்னதே பொறியாளர்தான்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் அவர். "முன்னைவிட இப்ப கம்மியாத்தான் எடுக்கறேன். மாடு குடிக்கணும், கொட்டகை கழுவணும், அவ்ளோதான். என் கிணறும்தான் இறங்கிக் கிடக்கு."

"பாத்தியா, எப்படிப் பேசறார்னு!" அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "குட்டி, நீ படிச்சவ. மோட்டாராலதானே? சொல்லு."

இருவரும் அவள் வாயையே பார்த்தார்கள். வேலிக்கு அப்பால் கால்வாய் பளபளவென்று, ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கலாம்" என்றாள் பொறியாளர்.

பண்ணைக்காரர் போய் மோட்டாரை நிறுத்தினார்.

'இல்லை' என்று சொல்லவில்லைதான். 'ஆமாம்' என்றும் சொல்லவில்லையே என்று பஸ்ஸில் திரும்பும்போது தன்னைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்தால் அண்ணியின் முகம் வந்தது. கணவன் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். மேலதிகாரி, அடுத்த கால்வாய்க்கும் அவள்தான் பொறுப்பு என்று சொன்னபோது, பாராட்டு முள்ளாகக் குத்தியது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கைப்பேசியை எடுப்பாள். அண்ணி "ஹலோ" என்றதும் அண்ணனைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

அப்படி ஒரு நாள் பேசும்போதுதான் அண்ணி போகிறபோக்கில் சொன்னாள்: "பண்ணைக்காரர் பாதி மாட்டை வித்துட்டாராம். விலைக்குத் தண்ணி வாங்கிக் கட்டுப்படியாகலையாம். என்னமோ போ, எனக்கும் மனசு கேக்கலை. ஆனா கிணறு இன்னும் ஏறலையேடி, அதான் புரியலை."

மறுநாள் காலையிலேயே பொறியாளர் அங்கே நின்றாள். அண்ணி தொட்டிகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அது மோட்டார் இல்ல. நான்தான். கால்வாய்ல கசிஞ்ச தண்ணிதான் உங்க கிணத்துக்கு ஊறிட்டிருந்தது. நான் அதை அடைச்சுட்டேன். அடைக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அண்ணி கைமண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அன்னைக்கு அவர் முன்னாடி கேட்டேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"தண்ணி போனா போகுது, கடைமடைல இருக்கறவனும் மனுஷன்தானே, குடிச்சுட்டுப் போறான். என்னை எதுக்குடி அந்த மனுஷனைத் திட்ட விட்ட? நான் பேசுன பேச்சையெல்லாம் இனி எந்த வாயால எடுப்பேன்?" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி குட்டியிடம் முகத்தைத் திருப்பியதில்லை. இப்போது திருப்பிக்கொண்டாள்.

பொறியாளர் தனியாகத்தான் பண்ணைக்குப் போனாள். கொட்டகையில் பாதி இடம் வெறிச்சென்று கிடந்தது. சொல்லவேண்டியதைக் குறைக்காமல் சொன்னாள். அவர் ஒரு பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்மா, நாமதான் உறிஞ்சிட்டோமோன்னு. நீங்க சொன்னதால நம்பிட்டேன்." அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் மேலதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "பூசுனதை உடைக்கச் சொல்றீங்களா? கடைமடைக்காரங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"உடைக்க வேண்டாம் சார். மழைக்காலத்துல மிஞ்சுறதை வீணா ஆத்துலதானே விடறோம். அதைக் குழாய் வழியா கரையோரத்துல குட்டை வெட்டி நிறுத்துவோம். மண்ணு குடிக்கட்டும். அடுத்த கால்வாய்க்கு முதல்லயே இதைப் பண்ணணும். என் அறிக்கை தப்புன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

தலைநிமிர்ந்து நடந்தவளை அதன்பிறகு அலுவலகத்தில் யாரும் சூழவில்லை. மேலிருந்து விளக்கம் கேட்டார்கள், கொடுத்தாள். குட்டைக்கு அனுமதி இழுத்தடித்துத்தான் வந்தது.

மழை முடிந்து அவள் போனபோது அண்ணியின் கிணற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. பழைய அளவுக்கு இல்லை, செடிகளுக்குப் போதும். அண்ணி சாப்பாடு போட்டாள். பேச்சு மட்டும் அளவாக இருந்தது.

"அவர்கிட்ட பேசுனீங்களா அண்ணி?"

"போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லன்னார். எருவும் அனுப்பறார், ஆள் கிட்ட. அவர் வரதில்லை."

பொறியாளர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மீதி மாடுகளுக்கு அது போதுமா என்று அவள் நினைப்பதற்குள் பண்ணைக்காரர் அதை நிறுத்திவிட்டார்.