உள்பக்கம் யார் தேய்ப்பது?

"எல்லாம் சரிம்மா. ஆனா உன் வீட்டுக்காரர் இங்கயே வேலை பாக்குறாரே," என்று இழுத்தார் மேலாளர். "புருஷன் பொண்டாட்டிய ஒரே இடத்துல வச்சா ஒருத்தர் தப்ப இன்னொருத்தர் மூடி மறைப்பாங்க. அதனால வேலைக்கு எடுக்கிறதில்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. ஓட்டல் துணிகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் சலவைக்கூடம் அது. துணி சரிபார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கல்யாணம் அவரும்தானே சார் பண்ணிக்கிட்டார்? எனக்கு மட்டும் கதவ சாத்துறீங்க."

மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. மேசையிலோ தேய்த்த தலையணை உறைகள் கட்டுக்கட்டாக மலைபோல் கிடந்தன.

"இந்த வண்டிக்கு மட்டும் பாத்துக் குடும்மா. வேலை கிடைச்சுட்டுதுன்னு நினைச்சுக்காத."

முதல் கட்டை எடுத்தாள். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம். அந்தப் பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தவர் அவள் கணவர். இந்த மனிதர் வீட்டில் சட்டையின் கழுத்தையும் முன்பக்கத்தையும் மட்டும் தேய்த்து, மேலே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்புகிறவர், பாருங்கள். மடிப்பை விரித்தாள். உள்ளே ஒரே கசங்கல்.

ஒரு கணம் கை தயங்கியது. விட்டுவிட்டால் மேலாளர் சொன்னது நிஜமாகிவிடும்.

"ஏங்க! உள்பக்கத்த யாரு தேய்ப்பா, உங்க மாமியாரா?"

கூடமே கொல்லென்று சிரித்தது.

"அடியேய், வந்ததும் வராததுமா மானத்த வாங்காத!"

"அதுவும் கசங்கித்தான் கிடக்கு. சேத்துத் தேய்ங்க."

அடுத்த கட்டும் திரும்பியது, அதற்கடுத்ததும். முறைத்தபடியே வாங்கிப்போனார் கணவர். மீசைக்குக் கீழே சிரிப்பு ஒளிந்திருந்தது.

மேலாளர், ஏற்கெனவே வண்டியில் ஏற்றிய கட்டொன்றை இறக்கி விரித்துப் பார்த்தார். "அடப்பாவி, இவ்வளவு நாளா இப்படித்தான் போச்சா?"

"சார், புருஷன் பொண்டாட்டிய ஒரே இடத்துல வைக்கிறதில்லங்கிற அந்தச் சட்டம் ரொம்ப நல்ல சட்டம் சார்," என்று கெஞ்சினார் கணவர். "தயவு பண்ணி அத எடுத்துடாதீங்க."

மேலாளருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மூடி மறைப்பாங்கன்னு எவன்யா சொன்னது?"

"நீங்கதான் சார்," என்றாள் அவள்.

"தப்புத்தாம்மா. நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு."

"நாளைக்கு எதுக்கு சார்? வண்டி நிக்குதே," என்று அடுத்த கட்டை இழுத்தாள். அந்தப் பக்கம் கணவர், பெருமூச்சு விட்டுக்கொண்டு, உறையை உள்பக்கமாகத் திருப்பிப்போட்டுத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.