இடது மூலைப் பொட்டு

முனியராஜுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது என்றைக்கு என்று கேட்டால் அவனே தேதியோடு சொல்லிவிடுவான். திருத்தங்கல் பிரஸ் வாசலில், முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சி, ஆர்டர் கொடுக்க வந்த ஒரு பார்ட்டியிடம் அவனைக் காட்டி, "இவன் யாருன்னா, நம்ம பானுப்பிரியா வீட்டுக்காரன்" என்றாரே, அன்றைக்குத்தான். ஆறு வருஷமாக அந்தப் பிரஸ்ஸில் ரூட்டர் மெஷின் ஓட்டுகிறவன் அவன். பானுப்பிரியா வந்து பதினோரு மாதம்கூட ஆகவில்லை. அதுவும் யார் சிபாரிசில் வந்தாள்? கம்ப்யூட்டர் படித்தவள் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று, கட்டின பொண்டாட்டியை இவனேதான் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்து விட்டான். யாரைப் போய் நொந்துகொள்வது?

வேலை இதுதான். பட்டாசுக் கடை வாசலில் நிற்கிற மயில், மத்தாப்புப் பிடித்த பிள்ளை, இந்த மாதிரி கட்-அவுட்டெல்லாம் எட்டடிக்கு நாலடி சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் பலகையில் அச்சாகி வரும். பலகையை ரூட்டர் மேசையில் படுக்கப் போட்டால், சுழலும் பிட் என்கிற வெட்டுக்கத்தி படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போய் வெட்டும். சொல்வதற்கு லேசு. அச்சு மெஷினின் விளக்குச் சூட்டில் பலகை ஒரு மில்லி, ரெண்டு மில்லி நீண்டுவிடும். மூலையை மட்டும் கணக்கு வைத்து முனியராஜ் வெட்டிய காலத்தில் முதல் மயில் சுத்தமாக வரும், கடைசி மயிலின் கொண்டையில் வெள்ளைக் கோடு இளிக்கும். பிறகு கேமரா மாட்டினார்கள். நாலு மூலையிலும் கறுப்புப் பொட்டு அச்சடித்துவிட்டால், கேமரா அந்தப் பொட்டுகளைத் தேடிப் பார்த்து, பலகை எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு வெட்டும். அப்படியும் நடுவில் கொஞ்சம் பிசகியது.

பானுப்பிரியா வந்தாள். நாலு மூலை பத்தாது என்று பலகையின் நடுவிலும் ஓரங்களிலும் அளவெடுத்துப் பொட்டு வைத்தாள். இடது கீழ் மூலையில் மட்டும் ஜோடியாக ரெண்டு பொட்டு. பலகையைத் தலைகால் மாற்றிப் போட்டுவிட்டால் கேமரா அந்த ஜோடியைக் காணாமல் வெட்ட மாட்டேன் என்று நின்றுவிடும். வெள்ளைக் கோடு போன இடம் தெரியவில்லை. அண்ணாச்சி வாய் ஓயாமல் அவளைப் புகழ்ந்தார். முனியராஜுக்கு அதற்குப் பிறகு வீட்டில் புளிக்குழம்பு நன்றாக இருந்தால்கூட ஆகவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வராமல், உப்பு ஒரு கல் கூட என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

இந்த நிலைமையில்தான் அண்ணாச்சி பெரிய ரூட்டர் ஒன்று வாங்குகிறார் என்று பேச்சு வந்தது. ஓட்டிப் பழக ஒரு ஆள் பத்து நாள் கோயம்புத்தூர் போக வேண்டும். திரும்பி வந்ததும் புது ஷெட்டுக்குப் பொறுப்பு அந்த ஆள்தான். "நீயா, பானுவான்னு புதன்கிழமை சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. முனியராஜுக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு. பொண்டாட்டி சூப்பர்வைசர், தான் அவளுக்குக் கீழே பலகை தூக்குகிறவன். பெண் கொடுத்த வீட்டில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கை நனைப்பது?

"நீங்களே போங்க. எனக்கு என்ன, இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்று பானுப்பிரியா சொல்லத்தான் செய்தாள். அதுவும் அவனுக்கு ஆகவில்லை. பிச்சை போடுகிறாளாக்கும் என்று நினைத்தான்.

புதன்கிழமை வந்தது. தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியின் மேனேஜர் சுந்தரபாண்டி நேரிலேயே வந்து இறங்கினார். விருதுநகரில் அவர்கள் திறக்கிற புதுக் கடைக்கு அறுபது பலகை மயில். முதல் பலகை வெட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வந்தவர் சும்மா இருக்கவில்லை, மயில் தோகையைக் கொஞ்சம் விரிக்கச் சொன்னார். பானுப்பிரியா பத்தே நிமிஷத்தில் தோகையை விரித்து, எல்லாவற்றையும் மறுபடி அடுக்கி, அச்சுக்கு அனுப்பினாள்.

பலகை வெளியே வந்தது. முனியராஜ் எடுத்தான். எடுத்ததும் இடது கீழ் மூலையில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டான். கேமரா இல்லாத காலத்துப் பழக்கம் அது. மேசையில் ஏற்றும்போது அந்தக் கோடு இடது கைக்கடியில் வர வேண்டும். கோடு போடும்போதுதான் பார்த்தான். அந்த மூலையில் ஒரு பொட்டுதான் இருந்தது. ஜோடியைக் காணோம். அவசரத்தில் கம்ப்யூட்டரில் வைக்கவே மறந்துவிட்டாள், அதனால் கேமராவும் ஜோடியைத் தேடாது.

நியாயமாக அவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பானு, ஒரு பொட்டு குறையுது" என்று. அஞ்சு வார்த்தைகூட இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி சுந்தரபாண்டியிடம், "எல்லாம் இந்தப் பிள்ளை கைவேலை, தப்பே வராது" என்றார். வந்த வார்த்தை வந்த வழியே உள்ளே போய்விட்டது.

சொல்லாமல் விட்டதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கோட்டைப் பார்த்துச் சரியாகப் போட்டிருந்தால் பொட்டு இல்லாமலே வெட்டு சுத்தமாக வந்திருக்கும். அவன் பலகையைத் தூக்கினான், நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பினான், பென்சில் கோடு அந்தக் கோடியில் வலது மூலைக்குப் போகும்படி படுக்கப் போட்டான். மயில்களைத் தலைமாற்றி நெருக்கி அடுக்கியிருந்ததால் எது மேல், எது கீழ் என்று பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று தெரியாது. ஒண்ணே ஒண்ணு கெடட்டும், இந்த ஆள் முன்னாடி ஒரே ஒரு தடவை கெடட்டும் என்று நினைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினான். கேமரா போய் ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தது. திருப்பிப் போட்டாலும் எல்லாம் அளவு பிசகாமல் அந்தந்த இடத்தில் இருந்தன. ஸ்கிரீனில் பச்சை விழுந்தது.

பிட் இறங்கி முதல் மயிலின் கழுத்தை அறுத்துக்கொண்டு போனது. அடுத்த மயிலுக்குத் தோகையில் பாதி போச்சு. மெஷினை நிறுத்துவதற்குள் மூன்று மயில் முண்டமாகக் கிடந்தது. சுந்தரபாண்டி செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை.

பானுப்பிரியா ஓடி வந்து பலகை மேல் குனிந்தாள். இடது மூலையைப் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்க் கோடிக்குப் போனாள். வலது மூலையில் அந்தப் பென்சில் கோடு இருந்தது. அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அப்புறம் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சும்மா தூசி துடைக்கிறவள் மாதிரி, அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டாள்.

"என் தப்புதான் அண்ணாச்சி. மூலையில ரெண்டாவது பொட்டு வைக்க மறந்துட்டேன். அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"பார்ட்டி முன்னாடி இப்படியாம்மா பண்ணுவ? சரி விடு. ஏலே முனியராஜ், கோயம்புத்தூருக்கு நீ கிளம்பு" என்று சொல்லிவிட்டு, சுந்தரபாண்டியை டீ குடிக்க ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போனார்.

கேட்டது கிடைத்துவிட்டது. முனியராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். பானுப்பிரியா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, விட்டுப்போன பொட்டை வைத்தாள். அடுத்த பலகையை அச்சுக்கு அனுப்பினாள். அது வெளியே வந்ததும் அவளே எடுத்து, மேசை மேல் கிடந்த பென்சிலை அவனிடம் நீட்டினாள்.

"கோடு போடுங்க. நீங்க போட்டாத்தான சரியா இருக்கும்."

அவள் கட்டைவிரலில் பென்சில் கரி அப்படியே ஒட்டியிருந்தது. ரெண்டு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்கு வெட்கம் வந்தது என்று சொல்லலாம், வந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாகப் பழைய எரிச்சல்தான் வந்தது. வேலையில்தான் முந்தினாள் என்றால், இதிலேயுமா? பத்து நாள் கோயம்புத்தூரில் இருந்தாலும், புது ஷெட்டுக்கே பொறுப்பாக உட்கார்ந்தாலும், இந்தக் கட்டைவிரல் தினமும் அவனுக்குச் சோறு போடும். ஆயுசுக்கும் இவள் ஒரு படி மேலே நிற்பாள். அதை அவனால் தாங்க முடியாது.

பென்சிலை வாங்கினான். புதுப் பலகையைத் தொடவில்லை. கெட்ட பலகை இன்னும் ரூட்டர் மேசையிலேயே கிடந்தது. சுற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய், வலது மூலையில், அவள் அழித்த அதே இடத்தில் அழுத்திக் கோடு போட்டான்.

"என்ன பண்ணுதீக?" பானுப்பிரியாவின் குரல் இறங்கியிருந்தது. "பேசாம இருங்க. முடிஞ்சுபோச்சுல்ல."

"நீ ஒருத்தியே நல்லவளா இருந்தாப் போதுமாக்கும்" என்றான் அவன்.

ஆபீஸ் ரூம் வாசலுக்குப் போய் நின்றான். உள்ளே ரெண்டு பேரும் டீ டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் மெஷினுக்கு வாங்க. இவுகளும் வரட்டும்" என்று பார்ட்டியையும் சேர்த்துக் கையைக் காட்டினான். "பலகையில என் பென்சில் கோடு எந்த மூலையில இருக்குன்னு பாருங்க. அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டேதான் திருப்பிப் போட்டேன்."