கம்ப்ரசருக்குத் தொண்ணூத்தியொரு மார்க்கு

ரூத் வாயைத் திறந்து ஒருத்தரைத் திட்டி போத்தனூர்ல யாரும் கேட்டதில்லை. பால்காரர் தண்ணியக் கலந்து ஊத்தினாக்கூட "இன்னைக்கு சித்த இளசா இருக்குதுங்க"ன்னு சொல்லி வாங்கிக்குவா. ஆனா மில்லுல இருக்கற ஏர் கம்ப்ரசருக்கு மட்டும் அவ வீட்டுக்குள்ள வெச்சிருந்த பேரு சாத்தான்.

போத்தனூர்ல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு நெசவு மில்லு. அங்க அவ மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். எந்த மெஷின் எப்ப வாங்கினது, எப்ப எண்ணெய் மாத்தினது, எப்ப கண்ண மூடும், எல்லாம் அவ பொறுப்பு. மில்லுல நாப்பது தறி. நாப்பதும் காத்துல ஓடறது. காத்துக் குடுக்கறது அந்த ஒரே கம்ப்ரசர். அது நின்னா மில்லே நின்னுபோகும். சரி, மெஷின்னா நிக்கத்தான் செய்யும். ஆனா இது நாள் பாத்து நிக்கும், அதுதான் கொடுமை. வருசம் பூரா இருமிக்கிட்டும் முனகிக்கிட்டும் எப்படியோ ஓடிரும். டிசம்பர் இருபத்தஞ்சாந் தேதி காலையில, பிரியாணிக்கு அரிசி ஊறப் போடற நேரத்துக்குக் கரெக்டா படுத்துக்கும்.

உடனே முதலாளி சென்னியப்பன் போன் பண்ணுவாரு. "ஏனுங் அம்மணி, பொங்கல் ஆர்டர் நிக்குது. சித்த வர முடியுங்களா?"

"வாரேனுங்கய்யா."

அவ்வளவுதான். பட்டுச்சேலைய அவுத்துப் போட்டு காக்கிச் சட்டைய மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவா. இப்படி ஒம்பது வருசம், ஒம்பது கிறிஸ்துமஸ். புருசன் ஜேக் பெருந்துறையில இன்னொரு மில்லுல இதே மெயின்டனன்ஸ் வேலை. அங்கயே குவார்ட்டர்ஸ்ல தங்கிக்கிட்டு சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மக டெய்சி நாலாங் கிளாசு. அம்மா, அப்பா ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து கிறிஸ்துமஸ் சோறு சாப்பிட்டது அந்தப் பிள்ளைக்கு நினைவே இல்லை. இந்த வருசமாவது மூணு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு வாய் திங்கணும். ரூத்துக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

டிசம்பர் பொறந்த நேரத்துலதான் முதலாளிக்கு ஒரு யோசனை வந்துச்சு. மெஷின் ஒவ்வொண்ணுக்கும் உடம்பு சோதனை பண்ணி, நூத்துக்கு எத்தன மார்க்கு, இன்னும் எத்தன வருசம் தாங்கும்னு எழுதிக் குடுக்க வெளியில இருந்து ஆளைக் கூப்பிட்டாரு. நாப்பதுக்குக் கீழ வாங்கினா காயலான் கடை, புதுசு வாங்கிக்கலாம்னு வாக்கே குடுத்துட்டாரு. ரூத்துக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. சாத்தானுக்கு இருபது மார்க்கு வந்தாலே அதிகம்னு கணக்குப் போட்டுக்கிட்டா.

புதன்கிழமை சோதனை. காலையில கம்ப்ரசர் ரூமுக்குள்ள நுழைஞ்ச ரூத் அப்படியே நின்னுட்டா. மெஷின் பளபளன்னு பச்சைப் பெயின்ட் அடிச்சு, புது ஃபில்டர், புது எண்ணெய், லீக்கான பைப்பெல்லாம் மாத்தி, சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பின மாதிரி நிக்குது. கழுத்துல, அதாவது கழுத்துன்னு சொல்லக்கூடிய இடத்துல, ஒரு செவ்வந்தி மாலை வேற.

"ரசாக் அண்ணா, என்ன வேலை இது?"

கம்ப்ரசர் ஆபரேட்டர் ரசாக் கையத் துடைச்சுக்கிட்டே பெருமையாச் சிரிச்சாரு. "ரெண்டு நாளா நாங்க நாலு பேரும் சோறு தண்ணி இல்லாம செஞ்சுபோட்டமுங்க. விருந்தாளி வாரப்ப அழுக்கு லுங்கியோடயா நிறுத்த முடியும்? மில்லு மானம் என்னத்துக்கு ஆகும்?"

அட மானங்கெட்ட மானமே! ஒம்பது வருசமா ஒரு ஆயில் சீல் மாத்தச் சொன்னா ஒம்பது நாள் ஆக்கறவரு, வேண்டாத நேரத்துல மெஷினுக்குக் கல்யாண ஜோடனை பண்ணி வெச்சிருக்காரு. ஆனா ரூத் என்ன சொன்னாங்கறீங்க? "ரொம்ப அழகா இருக்குதுங்கண்ணா"ன்னு சொன்னா.

சோதனை பண்ண வந்த பொண்ணு பேரு ரிஃபத். கையில டேப்லெட், கண்ணுல கறார். மெஷினை ஓட விட்டுக் காதை வெச்சுக் கேட்டா. ஒரு இருமல் இல்லை, ஒரு முனகல் இல்லை, தாலாட்டுப் பாடற மாதிரி ஓடுது. அப்புறம் பராமரிப்பு ரெஜிஸ்டரைக் கேட்டா. வாரா வாரம் ரூத் கைப்பட எழுதினது. ரிஃபத் பக்கத்தைத் திருப்பிக்கிட்டே போனா. "நிலைமை"ங்கற கட்டத்துல வரிசையா, "நன்று", "நன்று", "மிக நன்று". பைப் வெடிச்சு ரூம் கண்ணாடியெல்லாம் நொறுங்கின வாரத்துல மட்டும் ஒரு வரி கூடுதலா இருந்துச்சு. "சற்று அசதி. மற்றபடி நலம்."

வேற எப்படிங்க எழுதுவா? அந்த ரெஜிஸ்டர்ல வாரா வாரம் கையெழுத்துப் போடறது சென்னியப்பன். அவரு ஆசையா வாங்கின மெஷின். கல்யாணப் பந்தியில உக்காந்துக்கிட்டு, பரிமாற வந்த பொண்ணோட அப்பாகிட்ட ரசம் நல்லா இல்லைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? போன கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள்கூட அவரு, "மெஷின் எப்படி அம்மணி?"ன்னு கேட்டாரு. இவ, "நல்லாருக்குதுங்கய்யா"ன்னுதான் சொன்னா.

"மேடம், குறைன்னு ஏதாவது இருந்தா சொல்லுங்க, சேர்த்துக்கறேன்" அப்படின்னு ரிஃபத் கேட்டா. கடவுளே இறங்கி வந்து கதவைத் தட்டின மாதிரி ஒரு கேள்வி. ரூத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா பின்னாடி ரசாக்கும் அவரு ஆளுங்களும் பெத்த பிள்ளை பரீட்சைக்குப் போன மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க.

"குறைன்னு ஒண்ணும் இல்லைங்க" அப்படின்னா ரூத்.

தொண்ணூத்தியொரு மார்க்கு. இன்னும் பத்து வருசம் தாங்கும்னு சான்றிதழ். ரசாக் மில்லு முழுக்க லட்டுக் குடுத்தாரு. யானை தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கற மாதிரி, ரூத்தும் ஒரு லட்டை வாங்கித் தின்னா. ஒரே கசப்பு.

ஆனா சென்னியப்பன் யாரு? மறுநாளே கூப்பிட்டாரு. "அம்மணி, பண்டம் நல்லா இருக்கறப்பவே தள்ளி உட்டுப்போடோணும். தொண்ணூத்தியொரு மார்க்குன்னதும் ஒருத்தரு கேட்டுட்டாரு. இத அவருக்குக் குடுத்துப்போட்டு நாம புதுசு வாங்கிக்கலாம். ஒரே வாரத்துல கொண்டாந்து எறக்கிருவாங்க."

ரூத்துக்கு வந்த சந்தோசத்துல அன்னைக்கே டெய்சிக்குப் புதுப் பாவாடை எடுத்தாச்சு, கறிக்கும் சொல்லியாச்சு. சாயங்காலம் ஜேக் போன் பண்ணினான். குரல்ல சுரத்தே இல்லை.

"ரூத், எங்க முதலாளி பழைய கம்ப்ரசர் ஒண்ணு வாங்கறாரு. நாளைக்கு நாந்தான் வந்து பாத்து சரின்னு சொல்லோணுமாம். போத்தனூர்ப் பக்கந்தான்."

ரூத்துக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

"உங்க சாத்தான்தான கண்ணு?"

"ஆமாங்க."

"வேண்டாம்னு சொல்லலாம்னு பாத்தேன். முதலாளி அந்த மார்க்குத் தாளைத் தூக்கிக் காட்டறாரு. ஒம்பது வருசம் அதை வெச்சுப் பாத்துக்கிட்டவங்களே ஒரு கொறையும் சொல்லல, பாக்காத உனக்கு என்னடாங்கறாரு."

ராத்திரி பூரா ரூத் நினைச்சுப் பாத்தா. மெஷின் நல்லா இருக்குன்னா பெருந்துறைக்குப் போயிரும். இருபத்தஞ்சாந் தேதி அங்க படுக்கும். ஜேக் அங்க. நல்லா இல்லைன்னா இங்கயே கிடக்கும். அவ இங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் டெய்சி பக்கத்துல ஒரு நாற்காலி காலி. ஒரு ஓட்டை மெஷின் ரெண்டு மில்லுல இருந்து ஒரே குடும்பத்தைக் கெடுக்குதுன்னா, அதைச் சாத்தான்னு சொன்னதுல என்ன தப்பு?

மறுநாள் ஜேக் வந்தான். புருசன் பொண்டாட்டின்னு அங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா வேலைன்னு வந்தா மரியாதை மரியாதைதானே? "வணக்கங்க மேடம்"ன்னான். "வாங்க சார்"ன்னா. ரசாக் வாயப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஜேக் மெஷினைச் சுத்திச் சுத்தி வந்தான், குனிஞ்சு பாத்தான், தட்டிப் பாத்தான். பாவி மெஷின் அன்னைக்கும் தாலாட்டுத்தான் பாடுச்சு.

சென்னியப்பன் சிரிச்சுக்கிட்டே திரும்பினாரு. "எதுக்குங்க தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு? வெச்சுப் பாத்தது உங்கூட்டம்மாதான். நீயே சொல்லு அம்மணி, மெஷின் எப்படி?"

ரூத் வாயைத் திறந்தா. பழக்கம் பொல்லாதது, "நல்லா" வரைக்கும் வந்துருச்சு. அங்க நிறுத்தினா. மூச்சு வாங்கினா.

"நல்லா இல்லைங்கய்யா."

ரசாக் கையில இருந்த ஸ்பேனர் கீழ விழுந்துச்சு. சென்னியப்பன் சரியாக் காதுல விழாத மாதிரி பாத்தாரு.

"நல்லாவே இல்லைங்கய்யா! வாங்கின மாசத்துல இருந்து நல்லா இல்லைங்க. இது மெஷின் இல்லைங்க, சாத்தானுங்க. யாரு தலையிலயும் கட்டாதீங்க, காயலான் கடையில போட்டுருங்க!"

சொன்னதும் அவளுக்கே பயமாப் போச்சு. சென்னியப்பன் பக்கத்துல இருந்த எண்ணெய் டின் மேல உக்காந்தாரு. கோவம் எல்லாம் இல்லை, பாவம், மனுசன் முகம் சின்னதாப் போச்சு.

"ஏன் அம்மணி, ஒம்பது வருசமா வாரா வாரம் கேக்கறேன். ஒரு வார்த்தை சொல்லிருந்தா எட்டு வருசத்துக்கு முந்தியே மாத்திப்போட்டிருப்பனே. நன்று நன்றுன்னு நீயே எழுதினா நான் என்னத்தக் கண்டேன்?"

ரூத் குனிஞ்சு, கீழ கிடந்த ஸ்பேனரை எடுத்து ரசாக் கையில குடுத்தா.

"சரி உடு. இத யாருக்கும் குடுக்க வேண்டாம். இத வித்து வர்ற காசுலதான் உடனே புதுசு வாங்க வழி இருந்துச்சு. இனி பேங்க்ல கேட்டு வாங்கறதுக்குத் தை மாசம் ஆயிரும். அதுவரைக்கும் இருபத்தஞ்சாந் தேதிக்கு மட்டும் எப்பவும் போல நீ வந்துரு, என்ன?"

"முடியாதுங்கய்யா. அன்னைக்கு எங்களுக்குக் கிறிஸ்துமஸ்."

"அதுந் தெரியும் அம்மணி. தெரிஞ்சுதான வருசா வருசம், வர முடியுங்களான்னு கேட்டேன். முடியாதுன்னா தறிய ஒரு நாள் நிறுத்திட்டுப் போறேன். ஒரு நாள்ல என்ன குடி முழுகிப் போகுது? நீதான் வாரேனுங்க, வாரேனுங்கன்னு வந்து நின்ன. பொங்கலன்னைக்கு வேலைக்குக் கூப்பிட்டா நானே வரமாட்டேன்."

ரூத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு ஊருக்கே தெரியும். ஒம்பது கிறிஸ்துமஸ்! திருடினது சாத்தானும் இல்லை, முதலாளியும் இல்லை. தன் வாயை நினைச்சு அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு.

ஜேக் ஓரமாப் போய் அவங்க முதலாளிக்குப் போன் பண்ணினான். "ஐயா, நாந்தானுங்க. பாத்துட்டேனுங்க. மெஷின் வந்துங்க, நல்லாத்தான் இருக்குதுங்க, பெயின்ட்டெல்லாம் புதுசுங்க. ஆனா வந்துங்க... இல்லைங்க, கொறைன்னு ஒண்ணும்... அப்படியுஞ் சொல்ல முடியாதுங்க... இருபத்தஞ்சாந் தேதி வந்து மாட்டிக் குடுக்கோணுங்களா? வாரேனுங்..."

ரூத் நாலு எட்டுல போய் அவன் கையில இருந்த போனைப் பிடுங்கினா.

"ஐயா, வணக்கங்க. நான் ஜேக் ஊட்டுக்காரிங்க. மெஷின் நல்லா இல்லைங்க, வாங்காதீங்க. இருபத்தஞ்சாந் தேதி இவரு வரமாட்டாருங்க. வெச்சர்றேனுங்க."