மூன்றாம் கேபினில் அறுந்த பேச்சு

வெள்ளிக்கிழமை வந்தால் நீடாமங்கலத்தில் இரண்டு இடங்களில் கூட்டம் நெரியும். ஒன்று, மூடிக் கிடக்கும் ரயில்வே கேட். இன்னொன்று, ஜூலியட் வேலை பார்த்த ப்ரௌசிங் சென்டர். வளைகுடாவில் அன்றைக்குத்தான் லீவு. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் வந்து, கேமரா முன்னால் உட்கார்ந்து, தம்மாமிலும் துபாயிலும் இருக்கும் தங்கள் மனிதர்களோடு பேசுவார்கள். பேச்சு என்றால் சாதாரணப் பேச்சா? பிளைவுட் தடுப்பைத் தாண்டித் தெருவுக்கே கேட்கும். 2005ஆம் வருஷம், பிராட்பேண்ட் வந்த புதிது. கத்தினால்தான் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

ஜன்னத் பீவிக்கு மட்டும் பேச்சு நிலைக்கவே இல்லை. புருஷன் ஜெகபர் அலி பதினொரு வருஷமாகத் தம்மாமில். மூன்றாம் கேபினில் அவள் உட்கார்ந்து, சுகமா, சாப்பிட்டீங்களா எல்லாம் முடிந்து, "இந்த வருஷத்தோட முடிச்சிட்டு ஊரோட வந்துடட்டுமா ஜன்னத்து?" என்று அவர் கேட்க வாயெடுக்கும் நேரம் பார்த்துப் படம் உறைந்துபோகும். அப்புறம் அறுந்துபோகும். ஒரு வாரம் என்றால் சரி. மூன்று வாரம் அப்படியே நடந்தால்?

அவளுடைய நாத்தனார் ஹபீபுன்னிசா அதே நேரத்தில் ஐந்தாம் கேபினில் துபாயிலிருக்கும் மகனோடு பேசுவாள். வெளியே வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டே ஊருக்குக் கேட்கச் சொன்னாள்: "புருஷன் வரேன்னா பொத்தானை அமுக்குறா. பணம் வந்தா போதும், ஆளு வேணாம்போல." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பஸ் ஏறுவதற்குள் பேச்சு பரவிவிட்டது.

"நான் கட் பண்ணலம்மா," என்று ஜன்னத் பீவி கவுண்டரில் வந்து அழுதாள். "அவரும் என்னைத்தான் சொல்றாரு. போன் நாத்தனா வூட்டுக் கூடத்துல இருக்கு, அங்க நின்னு மனசுவிட்டு என்னத்தப் பேசுறது? எனக்கு இத விட்டா வேற வழியில்லம்மா."

ஜூலியட்டுக்குப் பொறுக்கவில்லை. தரங்கம்பாடிப் பெண், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள், கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். எல்லா கேபின்களின் பேச்சும் கவுண்டர் மெஷின் வழியாகத்தான் வெளியே போகிறது. பேச்சையும் படத்தையும் மெஷின் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டித்தான் அனுப்பும். போகிற வருகிற ஒவ்வொரு பொட்டலத்தையும் பிடித்துவைக்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டாள். பேச்சைக் கேட்க அல்ல. எது எப்போது, எங்கிருந்து எங்கே போனது என்று பார்க்கத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல அறுந்தது. அதற்கடுத்த வெள்ளி, ஹபீபுன்னிசா கல்யாணத்துக்கு நாகூர் போயிருந்தாள். அன்றைக்கும் அறுந்தது. அன்று ராத்திரியே ஜெகபர் அலி, நாகூரிலிருந்து திரும்பியிருந்த அக்கா ஹபீபுன்னிசாவுக்குப் போன் போட்டுவிட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை முகத்தப் பார்த்துக் கேப்பேன். அப்பவும் கட் ஆச்சுன்னா, மறுநாளே இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்னு அவகிட்ட சொல்லு." ஹபீபுன்னிசா வழியாக அதுவும் ஊர் முழுக்கப் பரவியது.

சனிக்கிழமை காலையில் ஜூலியட் பிடித்துவைத்ததைப் பிரித்தாள். வரி வரியாக நேரமும் எண்ணும் ஓடின. ஒவ்வொரு மெஷினுக்கும் அவளே தன் கையால் தனித்தனி எண் கொடுத்திருந்தாள். எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. மூன்றுக்கு வரவேண்டியது மூன்றுக்கு, ஐந்துக்கு வரவேண்டியது ஐந்துக்கு. ஆனாலும் பாதிப் பொட்டலம் போய்ச் சேரவில்லையே, எங்கே தொலைந்தது? ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. அவள் பார்த்தது பொட்டலத்துக்கு உள்ளே இருக்கும் விலாசத்தை, அதாவது தான் கொடுத்த எண்ணை. பொட்டலத்துக்கு மேலே இன்னொரு உறை உண்டு. வயர் செருகும் நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு மெஷினிலும் இருக்கும்; எந்தக் கார்டிலிருந்து எந்தக் கார்டுக்கு என்று பன்னிரண்டு எழுத்தில் இரண்டு முகவரி அதில் இருக்கும். தொழிற்சாலையிலேயே கார்டில் பொறித்து அனுப்புவது. உலகத்தில் ஒன்றைப்போல இன்னொன்று கிடையாது என்று பாடப்புத்தகம் சத்தியம் செய்யும். அதனாலேயோ என்னவோ, கேட்டாலொழிய புரோகிராம் அதைக் காட்டாது. கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி அச்சடிக்கச் சொன்னாள்.

மூன்றாம் கேபின் கார்டின் முகவரியும் ஐந்தாம் கேபின் கார்டின் முகவரியும் ஒன்றே.

"அட ஏசப்பா!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். முதலாளி சென்னையில் மலிவாகக் கிடைத்ததென்று அள்ளிவந்த பெயரில்லாத கார்டுகள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசினால், எல்லா மெஷின் வயரும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி என்ன செய்யும், பாவம்? கடைசியாக யார் குரல் கொடுத்தார்களோ அவர்கள் பக்கம் தள்ளிவிடும். தம்மாமிலிருந்து வந்த முகம், விடாமல் கத்துகிற நாத்தனார் மெஷினுக்குப் போய்க் குப்பையில் விழுந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தத் தாளை ஹபீபுன்னிசா முகத்துக்கு நேரே நீட்டவேண்டும் என்று ஜூலியட்டுக்குக் கை துறுதுறுத்தது.

ஆனால் கடைசி வாரத்துத் தாள் வேறு சொன்னது. அன்று ஐந்தாம் மெஷின் இயங்கவே இல்லை. ஒரு பொட்டலமும் தொலையவில்லை. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, 'முடித்துக்கொள்கிறேன்' என்று முதலில் சொன்ன பொட்டலம் ஒன்று. மேலுறையைப் படித்தாள். மறுபடி படித்தாள். அது தம்மாமிலிருந்து வந்ததல்ல. மூன்றாம் கேபினிலிருந்து கிளம்பிப் போயிருந்தது.

வியாழக்கிழமை ஜன்னத் பீவி வந்தாள். கார்டு விஷயத்தையும், மறுநாளைக்குள் அதை மாற்றிவிடலாம் என்பதையும் கேட்டதும், "அல்லாவே, நான் சொன்னேன்ல!" என்று முகம் மலர்ந்தாள். "அந்தத் தாளைக் குடும்மா, நாத்தனாகிட்ட காட்டணும்." ஜூலியட் ஒன்றை மட்டும் கொடுத்தாள். இன்னொன்றைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"போன வாரத்துது?"

ஜூலியட்டால் பொய் சொல்ல முடியவில்லை. "அன்னிக்கு மெஷின் மேல தப்பில்லக்கா."

ஜன்னத் பீவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வந்துடட்டுமான்னாரு. முத தடவையா கேள்வி முழுசா கேட்டுச்சு. பதில் வாயில வரல, கை போயிடுச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நடவுக்கு ஆள் பிடிக்கிறது, முறைத்தண்ணிக்கு வாய்க்கால்ல நிக்கிறது, பிள்ளைங்களக் கரையேத்துறதுன்னு எல்லாம் நானே பார்த்துப் பழகிட்டேன். அந்த வூட்டுல அவர எங்க உக்கார வைக்கிறதுன்னு தெரியலம்மா. நல்ல மனுசன். அதான் கொடுமை."

பிறகு மெல்லக் கேட்டாள்: "அந்தக் கார்டை மாத்தாம, அப்படியே விட்டுட முடியுமா?"

ஜூலியட் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளாக இவளுக்காக நாத்தனாரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள். "விடலாம்க்கா," என்றாள் கடைசியில். "நாளைக்குத் தானா அறுந்துடும். அவரு கையெழுத்துப் போட்டுடுவாரு. உங்கள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

ஜன்னத் பீவி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகும்போது, வாசலில் நின்று, திரும்பாமலே, "மாத்திடு," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஹபீபுன்னிசா ஐந்தாம் கேபினில் மகனிடம் பிரியாணி அரிசி பற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். மூன்றில் படம் தெளிவாக வந்தது. மைக்கைச் சரிசெய்துவிட்டு நகரப்போன ஜூலியட்டின் கையை ஜன்னத் பீவி பிடித்துக்கொண்டாள். "நீ இரு."

ஜெகபர் அலி சுகம் விசாரிக்கவில்லை. நேரே கேட்டார். "வந்துடட்டுமா?"

படம் உறையவில்லை. அவர் கண் சிமிட்டுவதுகூடத் தெரிந்தது. ஜன்னத் பீவியின் கை மவுஸ் மேல் இருந்தது. ஜூலியட் அந்தக் கையையே பார்த்தாள். அது மவுஸை விட்டு இறங்கி மடியில் போய் உட்கார்ந்தது.

"போன வாரம் கட் பண்ணது நான்தாங்க," என்றாள். "போன லீவுல நாப்பத்தஞ்சு நாள் இருந்தீங்கள்ல? எப்ப கெளம்புவீங்கன்னு நாள் எண்ணிக்கிட்டிருந்தேன். என்னை நெனச்சா எனக்கே அசிங்கமா இருந்துச்சுங்க."

அங்கே அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"நானுந்தான் எண்ணினேன் ஜன்னத்து," என்றார். "எந்த ஸ்விட்சுக்கு எந்த லைட்டுன்னு தெரியாம, நம்ம வூட்டுலயே விருந்தாளி மாதிரி முழிச்சேன். உன்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "அப்ப வரவா, வேணாமா?" என்றார்.

ஜன்னத் பீவி அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

"பயமாத்தான் இருக்கு," என்றாள். "வாங்க."